ஒரு தோணிப் பிடிபாடும் பல உலோகங்களும்: மட்டக்களப்பு வாவி பற்றிய நிகழ்வு ஆய்வு

"வாவி மீனில பார உலோகம் இருக்காம்" என்ற பேச்சு எழுந்தால் மீன் விற்பவருக்கு நட்டம், வாங்குபவருக்குப் பயம். இருவருக்கும் தேவையான விளக்கம் மட்டும் அரிதாகத்தான் கிடைக்கிறது. கட்மியம், ஈயம், பாதரசம், செம்பு போன்ற இந்த உலோகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டால், இருக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும். உலகின் எந்த நீரிலும் எந்த மீனிலும் இருக்கிறது. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை நண்டின் இரத்தத்தில் செம்பு செய்கிறது. ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோசயனின் செம்பு அடங்கிய புரதம். நண்டில் செம்பு நிறைய இருக்கிறது என்று ஓர் அறிக்கை சொன்னால், அதை வைத்து மட்டும் வாவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, வாவியில் ஒரு தோணி ஒரு நாள் கொண்டுவரும் பிடிபாடு. மட்டி, இறால், நண்டு, மணலை, கொடுவா என ஐந்து வகை. கல்லடிப் பக்கத்தில் வீச்சுவலை வீசும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, தண்ணி ஒண்டுதானே? பிறகென்ன நண்டுக்கு ஒரு கதை, மீனுக்கு ஒரு கதை?" நியாயமான கேள்வி. இந்த ஐந்து உயிர்களையும் ஒன்றாக அரைத்து ஒரு எண் எடுத்தாலோ, ஒரே ஒரு மீனின் சதையில் ஒரே ஒரு உலோகத்தை அளந்தாலோ, அவருக்குச் சரியான பதில் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இடம்

வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீற்றர், பரப்பு ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர். கடலோடு சேர்வது பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும். மேற்கே படுவான்கரை: வயல், குளம், மேய்ச்சல் நிலம். கிழக்கே எழுவான்கரை: நெருக்கமான ஊர்கள், நகரம், வீதி, பட்டறை, வைத்தியசாலை, குப்பை. படுவான்கரை வயல்களின் வடிநீரும் எழுவான்கரை வடிகான்களின் நீரும் ஒரே வாவிக்குள் விழுகின்றன. உலோகங்கள் கலவையாக வருவதற்கு இந்த அமைப்பே போதும்.

ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவத்தில், கார்த்திகை முதல் தை வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்கிறது. அப்போது வாவி ஏறத்தாழ நன்னீராகிறது. வெள்ளம் வயலை மூடப் பார்த்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் கருத்து வேறுபாடு வருவதுண்டு. கோடையில் மணல்மேடு வாயை அடைக்கும், நீர் தேங்கும், உப்பு ஏறும். இந்த உப்பு மாற்றத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள தொடர்புக்குப் பிறகு வருகிறேன். இந்த ஆய்வில் மிக முக்கியமானது அதுதான் என்பது என் எண்ணம்.

எவை, எங்கிருந்து

பொசுபேற்று உரம் செய்யப் பயன்படும் பாறையிலேயே கட்மியம் கலந்திருக்கும், ரி.எஸ்.பி. என்ற பொசுபேற்று உரத்தோடு அதுவும் சிறிதளவு வயலுக்கு வருகிறது. துத்தநாகம் குறைந்த வயலுக்குத் துத்தநாக சல்பேற்று இடுவார்கள். நகரத்துத் துத்தநாகம் டயர்த் தூளிலிருந்தும் முலாம் பூசிய கூரைத் தகட்டிலிருந்தும் மழையோடு ஓடி வரும். படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் மையிலும் வாகன பிரேக் தூளிலும் செம்பு உண்டு. பழைய பற்றரி, பழைய வர்ணப்பூச்சு, வீச்சுவலையின் மணிகள் ஆகியவற்றில் ஈயம். இலங்கை ஈயம் கலந்த பெற்றோலை 2002இல் நிறுத்தியது. ஆனாலும் அதற்கு முந்திய பல ஆண்டுகளின் ஈயம் வீதியோர மண்ணையும் வாவிச் சேற்றையும் விட்டு எங்கும் போய்விடவில்லை. பாதரசத்துக்கு உள்ளூர்த் தொழிற்சாலை தேவையில்லை. தொலைவில் எரியும் நிலக்கரியிலிருந்துகூடக் காற்றில் வந்து மழையோடு இறங்கும்.

2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதும் அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்தத் தடை தளர்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு போகம் உரம் இல்லாமல் போனதால் மண்ணில் ஏற்கனவே சேர்ந்த கட்மியம் குறைந்துவிடாது. அது களியிலும் சேதனப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் கிடக்கும், வெள்ளம் மண்ணை அரிக்கும்போது துகளோடு துகளாக வாவிக்கு வரும்.

சேற்றுக்குள் நடப்பது

கரைந்த உலோகத்தைவிடத் துகளில் ஒட்டிய உலோகமே அதிகம்; அது அடியில் படியும். மேற்பரப்புச் சேற்றில் இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகள் மற்ற உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கும். சற்றுக் கீழே ஒட்சிசன் இல்லை. அங்கே இந்த ஒட்சைட்டுகள் கரையும், ஆனால் சல்பைட்டு உருவாகி கட்மியம், ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். கண்டல் வேர்களடியில் உள்ள கறுப்புச் சேறு நாறுவது இந்தச் சல்பைட்டின் மணம்தான். அந்தச் சேறு அசையாமல் கிடக்கும்வரை அது உலோகத்துக்கு ஒரு காவல். கண்டலை வெட்டினாலோ, அடியைத் தோண்டினாலோ, முகத்துவாரம் திடீரென்று உடைந்து வேகமான ஓட்டம் சேற்றைக் கிளப்பினாலோ, சல்பைட்டு ஒட்சிசனைச் சந்திக்கிறது. பூட்டியிருந்தவை ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. கலவை என்பது இதுதான். ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை.

பாதரசம் மட்டும் இந்தச் சேற்றில் வேறு வழியில் போகும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும், சல்பேற்றைப் பயன்படுத்தும் பக்டீரியாக்கள் அதை மெதயில் பாதரசமாக மாற்றுகின்றன. மற்ற உலோகங்களைக் காவல் காக்கும் அதே கறுப்புச் சேறு பாதரசத்தை இன்னும் ஆபத்தான வடிவுக்கு மாற்றக்கூடிய இடமாகவும் இருக்கிறது. கண்டலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கண்டல் எல்லா நச்சையும் வடிகட்டிவிடும் என்று பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சரியில்லை.

ஒவ்வொரு உயிராக

ஓர் உயிரில் எவ்வளவு உலோகம் சேரும் என்பது அடிப்படையில் வரவு செலவு. செவுள் வழியாக நீரிலிருந்து வருவது, குடல் வழியாக உணவிலிருந்து வருவது, இரண்டையும் கூட்ட வேண்டும். வெளியேற்றுவதையும், உடல் வளர்வதால் செறிவு குறைவதையும் கழிக்க வேண்டும். வெதுவெதுப்பான நம் நீரில் வேகமாக வளரும் இளம் இறாலில் செறிவு குறைவாகத் தெரிவதற்கு வளர்ச்சியும் ஒரு காரணம்.

மட்டி நீரை வடிகட்டித் தின்னும். நீரில் மிதக்கும் நுண்பாசியும் துகளும் அதன் உணவு, ஆகவே கரைந்ததும் துகளில் ஒட்டியதும் அதற்குள் போகும். அதனால்தான் 1975இல் எட்வேர்ட் கோல்ட்பேர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உலகக் கரையோரங்களின் மாசைக் கண்காணிக்க இரட்டையோட்டு உயிர்களைப் பயன்படுத்தலாம் என்று முன்வைத்தார். ஒரு நாள் நீர் மாதிரி அந்த நாளை மட்டும் சொல்லும், மட்டியின் சதை பல வாரங்களைச் சேர்த்துச் சொல்லும். அதன் உறவான சிப்பிகள் செம்பையும் துத்தநாகத்தையும் மிக அதிகமாகச் சேர்க்க வல்லவை. 1986இல் தாய்வானின் எர்ரென் ஆற்று முகப்பில் வளர்த்த சிப்பிகள் செம்பு ஏறிப் பச்சை நிறமாயின; ஆற்றங்கரையில் உலோகக் கழிவிலிருந்து உலோகம் பிரித்தெடுத்த தொழிலே காரணம்.

ஆனால் மட்டியை நம்புவதிலும் ஒரு பொறி உண்டு. செம்பு போன்றவை திடீரென்று அதிகமானால் மட்டி ஓட்டை மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் வடிகட்டலும் இல்லை, தின்பதும் இல்லை. கட்மியம், ஈயம் எல்லாமே குறைவாக உள்ளே போகும். நீர் மிக மோசமாக இருந்த வாரத்தில் மட்டியின் எண்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருக்கலாம். ஒரு உலோகத்தின் நச்சு இன்னொன்றின் அளவீட்டை மறைத்துவிடுகிறது. தனித்தனி உலோக அட்டவணையைப் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது.

இறாலும் நண்டும் ஓட்டுமீன்கள். உடலில் செம்பையும் துத்தநாகத்தையும் ஓரளவு ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ள இவற்றால் முடியும். சூழலில் கூடினாலும் வெளியேற்றிச் சமாளிக்கும், ஓர் எல்லை தாண்டினால்தான் ஏறும். அதனால் வாவியின் துத்தநாக மாசை அறிய இறாலை அளப்பது வீண் வேலை. கட்மியத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. உடலுக்குத் தேவையற்ற அது உள்ளே வந்தால் தங்கிவிடும். தங்கும் இடம் ஓட்டுக்குள் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் செரிமானச் சுரப்பி. நம் வீடுகளில் நண்டுக் குழம்பின் உயிரே அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. நண்டின் காலிலும் கொடுக்கிலும் உள்ள வெள்ளைச் சதைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த கட்மிய எல்லை ஒரு கிலோவுக்கு 0.50 மில்லிகிராம். மஞ்சள்பழுப்புப் பகுதி அந்த எல்லைக்குள் வரவே இல்லை. அங்கே கட்மியம் பல மடங்கு கூடும் என்பதால் 2011இல் ஐரோப்பிய ஆணைக்குழு அதைப் பற்றித் தனியாக அறிவுறுத்தியது. வெள்ளைச் சதையைச் சோதித்து "நண்டு நல்லது" என்று எழுதினால், நாம் உண்மையில் தின்னும் நண்டைச் சோதித்ததாக ஆகாது.

மணலை சேற்றின் மேற்படலத்தை உறிஞ்சித் தின்னும் மீன். இரும்பு ஒட்சைட்டில் ஒட்டிய உலோகம் நேரே குடலுக்குப் போகும். அதை முழுதாகக் குடலோடு அரைத்து அளந்தால், மீனில் இருப்பதை அல்லாமல் அது விழுங்கிய சேற்றையே அளக்க நேரும். மீன்களில் பொதுவாகச் செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில்தான் கட்மியமும் ஈயமும் செம்பும் அதிகம். சதையில் மிகக் குறைவு. மீன் கறி தின்பவருக்கு இது நல்ல செய்தி.

கொடுவா வேட்டை மீன். இங்கே கதை தலைகீழாகிறது. கட்மியமும் ஈயமும் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போவதில்லை. ஈயம் பெரும்பாலும் குறைகிறது. கூடிக்கொண்டே போவது மெதயில் பாதரசம். நீரில் இருப்பதைவிடப் பெரிய வேட்டை மீனின் உடலில் பத்து இலட்சம் மடங்கு அளவுக்கும் மேல் செறியக்கூடியது. அது ஈரலில் மட்டும் ஒதுங்கி நிற்பதில்லை, தசைப் புரதத்தோடு பிணைந்து நாம் தின்னும் சதையிலேயே இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்ட நோய் இந்த வழியில் வந்தது. தொழிற்சாலைக் கழிவில் இருந்த மெதயில் பாதரசம் விரிகுடாவின் மீனிலும் சிப்பியிலும் ஏறி, அவற்றை நாள்தோறும் தின்ற மீனவக் குடும்பங்களைத் தாக்கியது. வாவிக்கும் மினமாட்டாவுக்கும் மாசின் அளவில் ஒப்பீடே இல்லை. ஆனால் யார் முதலில் பாதிக்கப்படுவார்கள் என்பதில் பாடம் ஒன்றே: பிடிப்பவரும் அவர் பிள்ளைகளும்.

பெரியவரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. தண்ணீர் ஒன்றுதான், உள்ளே விடும் வாசலும் பூட்டி வைக்கும் அறையும் உயிருக்கு உயிர் வேறு.

கலவை செய்யும் வேலை

செவுளில் கட்மியத்துக்கென்று தனி வாசல் இல்லை. கல்சியம் போகும் வழியில் அது புகுந்து போகிறது; ஈயமும் பெரும்பாலும் அப்படியே. துத்தநாகத்துக்கும் கட்மியத்துக்கும் இடையே போட்டி உண்டு. நீரில் கல்சியமும் துத்தநாகமும் நிறைய இருந்தால் கட்மியம் உள்ளே போவது குறையும். இதுவரை கலவை நல்லது போலத் தெரியும்.

உள்ளே போன பிறகு வேறு கணக்கு. 1957இல் குதிரைச் சிறுநீரகத்தில் மார்கோஷஸ், வேலி என்ற இருவர் கண்டுபிடித்த மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம், துத்தநாகம், செம்பு, கட்மியம் ஆகியவற்றைப் பிடித்து வைக்கும். மீனிலும் மட்டியிலும் நண்டிலும் இது அல்லது இதன் உறவுப் புரதங்கள் உண்டு. துத்தநாகம் அதிகமானால் உடல் இந்தப் புரதத்தை அதிகமாக உண்டாக்கும். அந்தப் புரதம் கட்மியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கட்மியத்தின் நச்சு அந்த உயிருக்குக் குறையும், ஆனால் வெளியேறாமல் தங்கும் அளவு கூடும். வாசலில் துத்தநாகம் கட்மியத்தைத் தடுக்கிறது, உள்ளே துத்தநாகமே கட்மியத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. எது வெல்லும் என்பது செறிவையும் காலத்தையும் உயிரையும் பொறுத்தது. நண்டுக்கு நன்மையாக முடிந்தது நண்டைத் தின்பவருக்குத் தீமையாக முடியலாம். இந்த ஒரு விடயத்துக்காகவே கலவையைக் கலவையாகப் படிக்க வேண்டும் என்று சொல்வேன்.

இப்போது உப்புக்கு வருகிறேன். கடல்நீரில் குளோரைட்டு அதிகம்; கட்மியம் அதோடு சேர்ந்துவிடும், தனி அயனாக இருப்பது சில வீதம்தான். உயிர்கள் எளிதாக உள்ளிழுப்பது தனி அயனைத்தான். மாரியில் வாவி நன்னீரானால் குளோரைட்டும் குறைகிறது, போட்டி போட்ட கல்சியமும் குறைகிறது. கரைந்த கட்மியத்தின் அளவு மாறாவிட்டாலும் நண்டும் மீனும் அதை வேகமாக உள்ளிழுக்கும். அதே நாட்களில்தான் வயல்களிலிருந்து கலங்கல் நீர் வருகிறது. முகத்துவாரம் வெட்டிக் கடல்நீர் உள்ளே வந்ததும் இன்னொன்று நடக்கும்: துகளில் ஒட்டியிருந்த கட்மியத்தைக் குளோரைட்டு பிரித்தெடுத்து நீரில் கரைக்கும். கரைந்த அளவு கூடும், உள்ளிழுக்கும் வேகம் குறையும். செம்பும் ஈயமும் இப்படி நடப்பதில்லை. அவற்றைக் கட்டுவது குளோரைட்டைவிடச் சேதனப் பொருளும் கார்பனேற்றும்தான். ஆகவே தை மாதத்துக் கலவையும் ஆவணி மாதத்துக் கலவையும் ஒரே உலோகங்களைக் கொண்டிருந்தாலும் ஒரே கலவை இல்லை.

தட்டுக்கு வரும்போது

இலங்கையர் சோறு தின்பவர்கள். கட்மியம் சோற்றிலும் வரும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவுக் கட்மியம் வயலுக்குப் பாய்ந்து, நெல் வழியாக இத்தாய் இத்தாய் என்ற எலும்பு நோயைக் கொண்டுவந்தது. சிறுநீரகத்தில் சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் அளவு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 150 மைக்ரோகிராம். மட்டிக்கு ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். சரியாக அந்த எல்லையில் உள்ள மட்டியை வாரத்தில் 150 கிராம் தின்றாலே ஒதுக்கீடு முழுவதும் முடிந்துவிடும். சோற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. இது சட்டத்துக்கு உட்பட்ட மட்டி என்பதை மறக்க வேண்டாம்.

ஈயத்துக்கு இன்னும் கடினம். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, முன்பு வைத்திருந்த வாராந்த அளவை 2010இல் விலக்கிக்கொண்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. ஈயமும் மெதயில் பாதரசமும் வளரும் மூளையைத் தாக்குகின்றன, ஈயமும் கட்மியமும் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. ஒரே உறுப்பைத் தாக்கும் இரண்டு உலோகங்கள் அவற்றின் எல்லையில் ஆளுக்கு 60 வீதம் இருந்தால், இரண்டு அட்டவணையிலும் "எல்லைக்குள்" என்றுதான் பதிவாகும். அந்த உறுப்புக்குக் கணக்கு 120 வீதம். இப்படிக் கூட்டிப் பார்ப்பது புதிய முறையல்ல, இடர் மதிப்பீட்டில் வழக்கமானதுதான். உள்ளூர் அறிக்கைகளிலும் அது வர வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மீனில் உள்ள செலனியம் பாதரசத்தோடு பிணைந்து அதன் தீங்கை ஓரளவு குறைக்கும். மீனிலும் இறாலிலும் ஆசனிக்கின் மொத்த எண் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கலாம், ஆனால் அதில் பெரும்பகுதி ஆசனோபீற்றெயின் என்ற, நச்சு மிகக் குறைந்த வடிவம். வடிவம் பிரிக்காமல் மொத்த ஆசனிக்கை வெளியிட்டு ஊரைக் கலக்குவது பொறுப்பற்ற செயல். அதனால் இழப்பது அன்றாடம் விற்று வாழும் குடும்பங்கள்.

எப்படி அளக்க வேண்டும்

வாவியில் மூன்று இடங்களாவது வேண்டும்: முகத்துவாரம் அருகே, நகரத்து வடிகான் விழும் இடம், படுவான்கரை வடிநீர் விழும் இடம். மாரி வெள்ளம் வடிந்த பின் ஒரு தடவை, கோடை முற்றியபின் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் உப்பு, கல்சியம், சேதனக் கரிமம் ஆகியவற்றையும் அளந்தால்தான் உலோக எண்ணுக்குப் பொருள் வரும். மட்டியைச் சுத்தமான வாவி நீரில் ஒரு நாள் வைத்துக் குடலைக் காலியாக்கி முழுச் சதையாக அளக்கலாம். நண்டில் வெள்ளைச் சதையையும் சுரப்பியையும் தனித்தனியே. மணலையில் குடலை நீக்கிச் சதையும் ஈரலும். கொடுவாவில் சதையில் பாதரசம், கூடவே செலனியம். நீளமும் எடையும் குறிக்காத மீன் மாதிரி பயனற்றது; பெரிய மீனில் பாதரசம் கூடுவது வயதாலும் இருக்கும்.

அம்பாறைக் கரையிலும் இதே முறையில் ஓர் அடிப்படைப் பதிவு இருக்க வேண்டும். 2020 செப்டெம்பரில் அந்தக் கரையின் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே கடலில், மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) ஏற்றிவந்த நியூ டயமண்ட் கப்பல் தீப்பிடித்தது நினைவிருக்கலாம். மசகு எண்ணெய்யின் அடையாள உலோகங்கள் வனேடியமும் நிக்கலும். விபத்துக்கு முந்திய எண் இருந்தால்தான் பிந்திய எண்ணுக்கு அர்த்தம் வரும்.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. சமைப்பதால் உலோகம் அழியாது. மட்டியை இரவு முழுக்கச் சுத்தமான வாவி நீரில் போட்டால் மணலும் குடலில் உள்ளதும் போகும், சதையில் பிணைந்த கட்மியம் போக மாதங்கள் ஆகும். சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நண்டின் மஞ்சள்பழுப்புப் பகுதியை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். ஓட்டோடு காய்ச்சும்போது அந்தச் சுரப்பி குழம்பில் கரைவதால், காய்ச்சுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். மீனின் குடல், ஈரல், செவுளை நீக்குவது நம் பழக்கம்தான், அது நல்லது. பெரிய கொடுவாவைவிடச் சிறிய மணலையும் இறாலும் அடிக்கடி தின்ன ஏற்றவை. மீனை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வாவிக் கரைக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கும் நல்ல புரதம் அது. வீச்சுவலை மணியைப் பழைய பற்றரித் தகட்டை உருக்கி வார்ப்பதை மட்டும் அடுப்படியிலும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் செய்ய வேண்டாம். அந்தப் புகையிலும் சாம்பலிலும் உள்ள ஈயத்துக்கு முன் வாவி மீனில் வரும் ஈயம் மிகச் சிறியது.